பிரசவ வார்டின் சாவி

அரசாங்க மருத்துவமனை ஒன்றின் பிரசவ வார்டில் நர்ஸுகள் தங்கள் உத்தியோகத்தில் திருப்தியோடு இருக்கிறார்களா என்று அறிய விரும்புகிறவர், அவர்களுடைய சம்பளப் பட்டியலைப் புரட்டுவதற்கு முன்பே, மாலை ஆறு மணிக்கு மேல் அவசர மருந்து அலமாரியின் சாவி யாரிடம் இருக்கிறது என்று விசாரிக்க வேண்டும் என்பது, ஆயுளின் பெரும்பகுதியை அத்தகைய வார்டுகளிலேயே கழித்த எனக்கு ஏற்பட்டிருக்கும் அபிப்பிராயம். சாவி டியூட்டி நர்ஸின் இடுப்பில் இருக்கும் வார்டுகளிலும் வேலை பார்த்திருக்கிறேன். அது ஸ்டோரில் பூட்டி வைக்கப்பட்டு, ஸ்டோர்க்காரர் வீட்டுக்குப் போய்விடும் வார்டுகளிலும் வேலை பார்த்திருக்கிறேன். இரண்டிலும் சம்பளம் ஒன்றுதான், கட்டில்களின் எண்ணிக்கையும் ஏறக்குறைய ஒன்றுதான்; ஆனால் காலையில் டியூட்டி முடிந்து வெளியே வரும் நர்ஸுகளின் மனநிலை ஒன்றாக இருந்ததே இல்லை.

நான் பயிற்சி பெற்றது எழுபதுகளின் பிற்பகுதியில், ஒரு மாவட்டத் தலைநகரத்து மருத்துவமனையில். எங்களுக்குக் கற்பித்த மூத்த சிஸ்டர்கள், மாணவிகளின் கண்ணையும் கையையும் பழக்குவதில் அபாரமான சிரத்தை கொண்டவர்கள். குழந்தை பிறந்தபின் தாயின் அடிவயிற்றில் கைவைத்தால் கருப்பை திரண்டு கெட்டியாக இருக்க வேண்டும் என்பதும், அது தொய்ந்து கிடந்தால் வெளியே இரத்தம் அதிகம் தெரியாவிட்டாலும் உள்ளே தேங்கிக்கொண்டிருக்கக்கூடும் என்பதும், இரத்த அழுத்தம் இறங்குவதற்கு முன்பே நாடித்துடிப்பு ஏறிவிடும் என்பதும், நிறைமாதக் கர்ப்பிணி ஒருத்தி தலை வலிக்கிறது, கண் மங்குகிறது என்று சொன்னால் அதை அலுப்பென்று ஒதுக்காமல் அந்த நிமிஷமே பி.பி. பார்க்க வேண்டும் என்பதும் எங்கள் உறக்கத்திலும் மறக்காதபடி அவர்கள் பதிய வைத்த பாடங்கள். இப்படி நூறு சிறு லட்சணங்களைக் கண்டுகொள்ளக் கற்றுக்கொடுத்தவர்கள், கண்டபின் செய்ய வேண்டியதை மட்டும் ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுவார்கள்: டாக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். அது அவர்கள் குற்றமன்று. அவர்களுக்கும் அவ்வளவுதான் அனுமதிக்கப்பட்டிருந்தது.

தெரிவிப்பதற்கென்று ஒரு கருவி இருந்தது. அதைக் 'கால் புக்' என்போம். நோயாளியின் பெயரையும் கட்டில் எண்ணையும் நிலைமையையும் அதில் எழுதி, மணியையும் குறித்து, வார்டு ஊழியரிடம் கொடுத்தால், அவர் டாக்டர் குவார்ட்டர்ஸுக்குப் போய்க் கையெழுத்து வாங்கி வருவார். நான் முதலில் வேலை பார்த்த மருத்துவமனைகளில் ஒன்றில், ஊசி மருந்துகள் திருட்டுப் போகின்றன என்ற சந்தேகத்தின் பேரில், அவசர மருந்துகளைக்கூட வார்டில் வைக்கலாகாது என்று நிர்வாகம் உத்தரவிட்டிருந்தது. பிரசவத்துக்குப் பிந்திய இரத்தப் பெருக்கு, சிகிச்சை இல்லாமல் விடப்பட்டால், நல்ல ஆரோக்கியமுள்ள ஒரு பெண்ணை இரண்டு மணி நேரத்துக்குள் கொன்றுவிடக் கூடியது. அந்த இரண்டு மணி நேரத்தில் கால் புக் போய் வருவதற்கு எவ்வளவு, டாக்டர் வந்து இன்டென்ட் எழுதுவதற்கு எவ்வளவு, ஸ்டோர்க்காரரை எழுப்பி அழைத்து வருவதற்கு எவ்வளவு என்று கணக்கிட்டால் மிஞ்சும் அவகாசம் எவ்வளவு என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும், வயிற்றின்மேல் ஒரு கையை வைத்துக் கருப்பையைப் பிசைந்துகொண்டு, வாசலைப் பார்த்தபடி நிற்பதே எங்கள் தொழிலாக இருந்தது.

இன்ன மருந்தை இன்ன அளவில் கொடுத்தால் இரத்தம் நிற்கும் என்று அறிந்திருந்தும், அதைத் தொடும் உரிமை இல்லாமல் நிற்கிறவளுடைய களைப்பு ஒன்று உண்டு. பன்னிரண்டு மணி நேர டியூட்டியின் களைப்பு ஓர் உறக்கத்தில் தீர்ந்துவிடும். இந்தக் களைப்போ ஆண்டுக்கணக்கில் சேர்ந்து, நல்ல நர்ஸுகளை மெல்ல மெல்ல எதையும் கவனிக்காதவர்களாக ஆக்கிவிடுகிறது. கவனித்து என்ன பயன் என்று மனம் தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறது. வார்டில் நர்ஸுகள் சிடுசிடுப்பாக இருக்கிறார்கள், நோயாளியிடம் எரிந்து விழுகிறார்கள் என்ற புகார் எழும் இடங்களில், அந்தச் சிடுசிடுப்பின் வேரை இங்கேதான் தேட வேண்டும் என்று நான் நம்புகிறேன்.

பிறகு மாற்றலாகிப் போன ஊரில், மகப்பேறு பிரிவுக்குத் தலைமை தாங்கிய டாக்டரம்மா வேறு விதமானவர். அவர் பொறுப்பேற்ற சில மாதங்களில், பிரசவ அறையின் ஓரத்தில் இரண்டு டிரேக்கள் வந்தன: ஒன்று இரத்தப் பெருக்குக்கு, மற்றொன்று வலிப்புக்கு. ஒவ்வொன்றின் மேலும் ஒட்டப்பட்டிருந்த தாளில், எந்த லட்சணத்தைக் கண்டால் எந்த மருந்தை எந்த அளவில் நர்ஸே தொடங்கலாம், எதைத் தொடக் கூடாது என்று தெளிவாக எழுதி, கீழே அவர் கையெழுத்திட்டிருந்தார். இரத்த அழுத்தம் அதிகமுள்ள பெண்ணுக்கு மெதர்ஜின் போடக் கூடாது என்பது போன்ற எச்சரிக்கைகளும் அதில் இருந்தன. ஒவ்வொரு ஷிப்டிலும் ஓவர் கொடுக்கும்போது டிரேயைத் திறந்து எண்ணி, குறைந்ததை உடனே நிரப்ப வேண்டும். அந்தக் கையெழுத்துதான் எங்களுக்குப் பெரிதாகப் பட்டது. வாய்மொழியாக, 'நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் சிஸ்டர்' என்று சொல்லிவிட்டுப் போகும் டாக்டர்களை நாங்கள் நிறையப் பார்த்திருக்கிறோம். காரியம் நன்றாக முடிந்தால் அந்தச் சொல்லுக்கு அவசியமே இல்லை, விபரீதமாக முடிந்தால் அப்படிச் சொன்னதற்குச் சாட்சி இல்லை. எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுக்கப்பட்ட அதிகாரம், கொடுத்தவரையும் பெற்றவரையும் சேர்த்தே பிணைக்கிறது.

அவ்வார்டில் ஒரு மழைக்கால இரவு, மூன்றாம் பிரசவத்துக்கு வந்திருந்த ஒருத்திக்குக் குழந்தையும் நஞ்சும் சுகமாக வெளிவந்து கால் மணி நேரம் ஆகியிருக்கும். என்னோடு டியூட்டியில் இருந்த இளைய நர்ஸ், "சிஸ்டர், யூட்ரஸ் லூஸா இருக்கு" என்று குரல் கொடுத்தாள். அடுத்த கட்டிலிலிருந்து நான் வந்து சேர்வதற்குள், ஒரு கையால் கருப்பையைப் பிசைந்தபடியே மறு கையால் டிரேயை இழுத்திருந்தாள். சலைன் பாட்டிலில் இருபது யூனிட் ஆக்ஸிடோசின் கலந்து டிரிப் ஓடவிட்டோம், பி.பி. சரியாக இருந்ததால் மெதர்ஜின் ஊசி போட்டோம்; நிரம்பிய சிறுநீர்ப்பை கருப்பையைச் சுருங்கவிடாது என்பதால் கதீட்டர் போட்டு அதைக் காலி செய்தோம்; நஞ்சில் ஏதேனும் துண்டு குறைகிறதா என்று விளக்கின்கீழ் விரித்துப் பார்த்தோம்; குரூப்பிங்குக்கு இரத்தம் எடுத்து அனுப்பினோம். டாக்டரம்மா வந்தபோது கருப்பை கெட்டிப்பட்டிருந்தது. என்ன கொடுத்தீர்கள், எத்தனை மணிக்கு என்று கேட்டு, கேஸ் ஷீட்டில் அந்த இளைய நர்ஸ் எழுதியிருந்த குறிப்பைப் படித்து, 'சிஸ்டர் தொடங்கிய சிகிச்சை தொடரட்டும்' என்று அதன் கீழ் எழுதினார். டியூட்டி முடிந்த மறுகணமே கைப்பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடுகிற வழக்கமுள்ள அந்தப் பெண், மறுநாள் தன் ஓய்வு நாளாக இருந்தும், அந்தத் தாயின் ஹீமோகுளோபின் எவ்வளவு என்று கேட்டுக்கொண்டு வார்டுக்கு வந்தாள். அவளுக்குச் சம்பளம் உயரவில்லை, விருது எதுவும் வரவில்லை. தான் கண்டதற்கும் தான் செய்ததற்கும் இடையில் ஒருவரும் குறுக்கே நிற்கவில்லை என்ற ஒன்றுதான் அன்று அவளுக்குக் கிடைத்தது.

நர்ஸின் தீர்ப்பை மதிப்பதற்கென்றே உண்டாக்கப்பட்ட ஒரு காகிதத்தைப் பற்றி இங்கே சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 1972இல், அன்று ரொடீசியா எனப்பட்ட இன்றைய ஜிம்பாப்வேயில், ஃபில்பாட், காசில் என்ற இரு மருத்துவர்கள், டாக்டர் அருகில் இல்லாத சிற்றூர்ப் பிரசவ நிலையங்களில் இருந்த மருத்துவச்சிகள், எந்தத் தாயை எப்பொழுது பெரிய மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும் என்று தாமே தீர்மானிப்பதற்கு உதவியாக, ஒரு வரைபடத்தை வகுத்தார்கள். அதுவே பார்டோகிராஃப். கருப்பைவாய் மணிக்கு ஒரு சென்டிமீட்டர் வீதம் விரிய வேண்டும் என்ற கணக்கில் ஒரு சாய்கோடு, அதற்கு நான்கு மணி நேரம் வலப்புறம் தள்ளி மற்றொரு கோடு. முன்னது எச்சரிக்கைக்கு, பின்னது நடவடிக்கைக்கு. நர்ஸ் தான் பரிசோதித்ததைப் புள்ளியாக வைத்துக்கொண்டே போகும்போது, அந்தப் புள்ளிகளின் வரிசை முதற்கோட்டைத் தாண்டுமானால் தாயை அனுப்புவதற்கு அது நியாயம் தருகிறது. பிற்காலத்தில் உலக சுகாதார நிறுவனம் இதை ஏற்றுச் செம்மைப்படுத்தியது. நம் நாட்டிலும் கேஸ் ஷீட்டின் ஒரு பகுதியாக ஆயிற்று.

ஆனால் நம்முடைய பல மருத்துவமனைகளில், பிரசவம் முடிந்து தாய் வார்டுக்குப் போனபின், கேஸ் ஷீட் பூர்த்தியாக வேண்டுமே என்பதற்காக உட்கார்ந்து, எல்லாம் ஒழுங்காக நடந்ததுபோல் அழகான புள்ளிகளை வைக்கும் வழக்கம் இருந்ததை நான் கண்ணாரக் கண்டிருக்கிறேன். ஆய்வுக்கு வருகிறவர்கள் இதை நர்ஸுகளின் சோம்பேறித்தனம் என்று எழுதிவிட்டுப் போவார்கள். நான் பார்த்த வரையில், கோட்டைத் தாண்டியபின் நர்ஸ் சொல்வதை எவரும் கேட்காத இடங்களில்தான் அந்த வரைபடம் பின்னால் நிரப்பப்பட்டது. அவள் சொன்னால் ஆம்புலன்ஸ் புறப்படும் என்ற இடங்களில் அது பிரசவ வலியோடு கூடவே நிரம்பிக்கொண்டு வந்தது. தன் கையால் வைத்த புள்ளி ஒரு காரியத்தை நடத்தும் என்று தெரிந்தவள், அதை அந்த மணியிலேயே வைக்கிறாள்.

தமிழ்நாட்டில் ஆரம்ப சுகாதார நிலையங்களில் மூன்று ஸ்டாஃப் நர்ஸுகளை நியமித்து, இரவு பகல் இருபத்துநான்கு மணி நேரமும் பிரசவம் பார்க்கும் ஏற்பாடு வந்தபோது, அந்த நர்ஸுகளுக்குப் பயிற்சி கொடுக்கும் பணி எனக்கு வாய்த்தது. இரவில் டாக்டர் இல்லாத கட்டடம். பெரிய மருத்துவமனையின் வசதிகளில் பாதியும் கிடையாது. ஆயினும் அங்கே நான் கண்ட தெம்பை மாவட்ட மருத்துவமனைகளில் கண்டதில்லை. மைய அரசின் வழிகாட்டி நெறிகள், ஆபத்துக் காலத்தில் ஆக்ஸிடோசினையும் மக்னீஸியம் சல்பேட்டையும் நர்ஸும் கிராம சுகாதார செவிலியரும் கொடுக்கலாம் என்று வெளிப்படையாக அனுமதித்திருந்தன. வலிப்புக்கு டையசிபாமைவிட மக்னீஸியம் சல்பேட் மேலானது என்பது, பல நாடுகளில் 1,687 பெண்களைக் கொண்டு நடந்து 1995இல் வெளியான ஆராய்ச்சியால் நிலைநாட்டப்பட்டது. நாங்கள் பயின்ற காலத்தில் வலிப்புக்கு டையசிபாமே கதி. மக்னீஸியம் சல்பேட்டை ஒவ்வொரு பிட்டத்திலும் ஐந்து கிராம் வீதம் ஆழமாகப் போட்டு, தாயை ஒருக்களித்துப் படுக்க வைத்து, மூச்சின் எண்ணிக்கையைப் பார்த்துக்கொண்டே ஆம்புலன்ஸில் ஏற்றி அனுப்புவதை, இருபத்துமூன்று இருபத்துநான்கு வயதுப் பெண்கள் கை நடுங்காமல் செய்தார்கள்.

அனுப்புவதும் ஓர் அதிகாரமே என்பதை அங்கேதான் நான் நன்கு உணர்ந்தேன். கிராமத்து மாமியார்கள் பலருக்குத் தங்கள் மருமகளைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக மனம் வராது. "நர்ஸம்மா, நீங்களே பாருங்க தாயி, எங்களை எங்கேயும் அனுப்பிடாதீங்க" என்று கையைப் பிடித்துக்கொள்வார்கள். ஒரு பெண் அந்தக் கிழவியின் பக்கத்தில் உட்கார்ந்து பார்டோகிராஃபைக் காட்டி, "பாட்டி, இந்தக் கோட்டைத் தாண்டிட்டா இங்க வச்சிருக்கக் கூடாது. இப்பவே போனா ரெண்டு உசுரும் நல்லபடியா வரும்" என்று சொல்லிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். 2008இல் 108 ஆம்புலன்ஸ் வந்தபின் அந்தச் சொல்லுக்கு இன்னும் பலம் கூடியது. தன் முடிவை நிறைவேற்ற ஒரு வண்டியும் இல்லாதவளுக்கு, முடிவெடுக்கும் உரிமையைக் கொடுப்பதில் அர்த்தம் இல்லை.

இவ்வளவு சொன்னதனால், அதிகாரம் கிடைத்தால் நர்ஸுக்குப் பணம் முக்கியமன்று என்று நான் கருதுவதாக எவரும் நினைக்கக் கூடாது. மேடையேறி நர்ஸுகளின் தியாகத்தைப் புகழ்கிறவர்கள், அவர்களுடைய ஊதியத்தைப் பற்றிப் பேச்சு வரும்போது சேவையைப் பற்றிப் பேசத் தொடங்குவதைக் கேட்டு மனம் வெதும்பியிருக்கிறேன். 2015இல் அரசின் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் நடத்திய போட்டித் தேர்வில் வென்று வேலைக்கு வந்த ஆயிரக்கணக்கான நர்ஸுகளுக்குக் கொடுக்கப்பட்ட தொகுப்பூதியம் மாதம் 7,700 ரூபாய். இரண்டாண்டுகளுக்குப் பின் நிரந்தரமாக்கப்படுவோம் என்று காத்திருந்து, அது நடவாதபோது, 2017 நவம்பரில் அவர்கள் சென்னை தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் இரவும் பகலும் அமர்ந்து போராடினார்கள். வீட்டு வாடகை கொடுத்தபின் பால் வாங்குவதற்கு யோசிக்கிற நிலையில் இருக்கும் ஒருத்தியிடம் இரண்டு உயிர்களை ஒப்படைத்து, 'உனக்கு எவ்வளவு பெரிய அதிகாரம் கொடுத்திருக்கிறோம் பார்' என்று சொல்வது அநியாயம். பாதுகாப்பில்லாத வேலையில் கொடுக்கப்படும் அதிகாரம், தவறு நேர்ந்தால் பழியைச் சுமத்துவதற்கு ஓர் ஆளைத் தயார் செய்வதாகவே முடியும். அந்தப் பெண்களுக்கு அது நன்றாகத் தெரிந்திருந்தது.

எண்ணிக்கையின் விஷயமும் அப்படியே. இந்திய நர்ஸிங் கவுன்சிலின் நியதிப்படி, மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மூன்று நோயாளிகளுக்கு ஒரு நர்ஸும், மற்ற மருத்துவமனைகளில் ஐந்து பேருக்கு ஒருவரும் இருக்க வேண்டும். நாற்பது கட்டில் கொண்ட வார்டில் இரவு முழுவதும் ஒரே நர்ஸாக நான் இருந்த காலங்கள் உண்டு. அந்த ஒருத்தியும் தோபிக்குப் போன துணிகளை எண்ணி, உடைந்த தெர்மாமீட்டருக்குக் கணக்கு எழுதி, இன்டென்ட் புத்தகத்தைப் பூர்த்தி செய்தபின் மிஞ்சும் நேரத்தில்தான் நோயாளியிடம் போக முடியும். நாட்டின் சுகாதார நிலையை ஆராய்ந்து 1946இல் வெளியான போர் (Bhore) கமிட்டி அறிக்கை, நம் நாட்டில் 43,000 பேருக்கு ஒரு நர்ஸ் இருந்ததாகக் கணக்கிட்டது. அந்தப் பற்றாக்குறை வெகுவாகக் குறைந்துவிட்ட பிறகும், இருக்கிற நர்ஸைத் துணி எண்ண வைக்கும் சம்பிரதாயம் மட்டும் அழியாமல் இருந்தது. அமெரிக்காவில் லிண்டா ஐக்கன் என்ற நர்ஸும் அவருடைய சகாக்களும் பென்சில்வேனியாவின் 168 மருத்துவமனைகளை ஆராய்ந்து 2002இல் வெளியிட்ட முடிவு, ஒரு நர்ஸின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடும்போதெல்லாம், அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் முப்பது நாட்களுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவிகிதமும், அந்த நர்ஸ் தன் வேலையில் அதிருப்தி கொள்ளும் வாய்ப்பு 15 சதவிகிதமும் உயர்கின்றன என்பது. இதை ஒரு பயிற்சி வகுப்பில் முதன்முறை கேட்டபோது, என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஹெட் நர்ஸ் ஒருவர், நோயாளியின் சாவும் நர்ஸின் மனக்குறையும் ஒரே பட்டியலில் எழுதப்பட்டிருக்கின்றனவே என்று வியந்தார். எனக்கும் அதுவே ஆச்சரியமாகவும் ஆறுதலாகவும் இருந்தது.

அதே வகுப்பில்தான் ரோஸபெத் மாஸ் கான்ட்டர் 1977இல் கம்பெனி உத்தியோகஸ்தர்களைப் பற்றி எழுதியதையும், அதைக் கனடாவில் ஹெதர் லாஷிங்கர் நர்ஸுகளுக்குப் பொருத்திப் பல ஆண்டுகள் ஆராய்ந்ததையும் அறிந்தேன். ஒருவர் ஊக்கத்தோடு வேலை செய்கிறாரா என்பது அவருடைய சுபாவத்தைவிட, அவருக்குத் தகவல் கிடைக்கிறதா, பொருள் கிடைக்கிறதா, பக்கபலம் கிடைக்கிறதா, மேலே வளர வழி இருக்கிறதா என்பவற்றையே அதிகம் பொறுத்தது என்பது அவர்கள் கண்ட சாரம். அந்த டாக்டரம்மா இவர்களில் ஒருவரையும் படித்தவர் அல்லர். ஆனால் அவருடைய டிரேயும் தாளும் கையெழுத்தும், மாதம் ஒருமுறை கேஸ் ஷீட்டுகளை நர்ஸுகளோடு சேர்ந்து படிக்கும் அவருடைய பழக்கமும் அந்நான்கையும் எங்களுக்குத் தந்திருந்தன.

நோயாளியின் அருகில் இருப்பதே ஓர் உரிமையைத் தரும் என்பதை நம் நாட்டின் உச்ச நீதிமன்றமும் ஒருமுறை ஏற்றது. பம்பாய் கே.இ.எம். மருத்துவமனையில் 1973இல் கொடுமைக்கு ஆளாகி நினைவிழந்த நர்ஸ் அருணா ஷான்பாகை, 2015இல் அவர் இறக்கும் வரையில் அங்கிருந்த நர்ஸுகள் தலைமுறை தலைமுறையாகக் காத்தார்கள். அவருக்குக் கருணைக்கொலை வேண்டும் என்ற வழக்கில் 2011இல் தீர்ப்பளித்த நீதிமன்றம், அவர் சார்பில் பேச உரியவர்கள் அம்மருத்துவமனை ஊழியர்களே என்றது. அந்தச் செய்தியைப் பத்திரிகையில் படித்த அன்று எங்கள் டியூட்டி அறையில் வேறு பேச்சே இல்லை.

2018இல் மைய அரசு மகப்பேற்றுச் சேவைக்கென வெளியிட்ட வழிகாட்டி நெறிகளின்படி, நர்ஸுகளுக்குப் பதினெட்டு மாதப் பயிற்சி கொடுத்து, சிக்கலற்ற பிரசவங்களை அவர்களே முழுப் பொறுப்பில் நடத்தும் தனிப் பிரிவுகள் அமைப்பதாகத் திட்டம். நான் கனவிலும் எதிர்பாராத ஏற்பாடு இது. அப்பயிற்சிக்குப் போகலாமா என்று என்னிடம் கேட்க வரும் இளம் பெண்களிடம், கட்டாயம் போங்கள் என்றே சொல்கிறேன். கூடவே, திரும்பி வந்தபின் எந்தப் பதவிப் பெயரில், எந்த ஊதிய விகிதத்தில் உட்கார வைப்பார்கள், பயிற்சி முடித்தவரை மறுபடியும் கண் வார்டுக்கு மாற்றமாட்டார்கள் என்பதற்கு என்ன உத்தரவாதம், இரவில் சிக்கல் எழுந்தால் எந்த டாக்டர் எத்தனை நிமிஷத்துக்குள் வர வேண்டும் என்ற கேள்விகளுக்கெல்லாம் எழுத்தில் பதில் வாங்கிக்கொண்டு போங்கள் என்றும் சொல்கிறேன். சிலர் வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். கேட்டும் பதில் வராமல், அடுத்த அணிக்காகக் காத்திருக்கிறவர்களும் இருக்கிறார்கள்.